1098 ஆவணி: பாட்டாவின் பிறந்த தேதியும் என் ஓ.சி.ஐ. அட்டையும்

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் தாத்தா என்று கூப்பிடுவார்கள். நானும் தம்பியும் மட்டும் பாட்டா என்போம். கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கலுக்குப் பக்கத்து ஊரிலிருந்து போருக்குப் பிறகு மலாயாவுக்குக் கப்பலேறியவர் அவர், 1988இல் இறந்தார். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்ததில் எங்களிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான் என்பது, இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. (Overseas Citizen of India) அட்டைக்கான விண்ணப்பப் படிவத்தைத் திறந்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நான் விண்ணப்பித்தது மாமிக்காக. அப்பாவின் சித்தப்பா மகள். ஊர் வழக்கப்படி அத்தையை மாமி என்கிறோம். 78 வயது, தனியாக இருக்கிறார். விசாவில் போய், நாளை எண்ணிக்கொண்டு திரும்புவது எனக்குப் போதவில்லை. ஓ.சி.ஐ. இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தங்கலாம்.

இது குடியுரிமை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ரப்பர் தோட்டம் வாங்கும் ஆசையோடு இதற்கு அலைந்த இரண்டு பேரை எனக்கே தெரியும்.

கேட்பது ஒரு சங்கிலி. என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர், அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் பாட்டா பெயர், பாட்டா இந்தியாவில் பிறந்ததற்கு ஓர் ஆதாரம். முதல் இரண்டு கண்ணியும் வீட்டிலேயே இருந்தன. என் சான்றிதழ் மலாய் மொழியில் இருந்ததால் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்தேன். அப்பாவின் 1951ஆம் ஆண்டுச் சான்றிதழில் பாட்டா பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'இந்தியா' என்று மட்டும் எழுதியிருந்தது. அது போதாது என்றார்கள்.

அதோடு, படிவம் நிரப்பித் தரும் ஒருவர், "அவர் பிறந்த 1922இல் அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானம், பிரிட்டிஷ் இந்தியா இல்லையே" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் தூக்கம் போயிற்று. விதியைத் தேடி வாசித்தேன். 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடிமகனாகும் தகுதி இருந்தவரின் பேரப்பிள்ளைகள் வரை, ஏன், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் வரை விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் வசித்தவர்களுக்கு அந்தத் தகுதியைப் பார்ப்பது 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் 'இந்தியா' என்று சொன்ன நிலப்பரப்பை வைத்து. அந்தச் சட்டத்தின் 'இந்தியா'வில் சமஸ்தானங்களும் அடக்கம். அதனால் திருவிதாங்கூரில் பிறந்தவர்களின் பிள்ளைகள் பயப்பட வேண்டாம். குமரி மாவட்டமான நமது நான்கு தாலுகாக்கள், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முந்தைய தாள்கள் கேரளத்துத் தாள் போலத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை தாண்டி மாமி வீட்டுக்குப் போனேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கவலையைச் சொன்னதும், "பேடிக்காத மக்களே, கிட்டும்" என்று தைரியம் சொன்னார். மறுநாள் காலையில் அவரே என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார்.

பங்குத் தந்தை அலமாரியிலிருந்து திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்தார். லத்தீன் தலைப்புகள், பழுப்பேறிய மை. கோட்டாறு மறைமாவட்டமே 1930இல்தான் உருவானது. பாட்டாவின் வரி அதற்கும் மூத்தது. விரலை வைத்து வரிவரியாக இறங்கிவந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி, பாட்டாவின் அப்பா அம்மா பெயரைச் சத்தமாக வாசித்தார். மாமி சிலுவை போட்டுக்கொண்டார். என்னால் சற்று நேரம் பேச முடியவில்லை. அப்பா பிறப்பதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ ஒருவர் பொறுப்பாக எழுதிவைத்த ஒரு வரி.

பெயரில்தான் சிக்கல். பாட்டாவுக்கு இட்டது புனித இஞ்ஞாசியார் பெயர். பதிவேட்டில் அது லத்தீன் உருவில் இருந்தது, ஊரில் இன்னாசி, மலேசிய அடையாள அட்டையில் எஸ்டேட் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிய இன்னொரு எழுத்துக்கூட்டு. மூன்றும் ஒருவரே என்று கிள்ளானில் சத்தியப்பிரமாணப் பத்திரம் ஒன்றை அப்பா பெயரில் எடுத்தோம். அப்பா உயிரோடு இருக்கும்போதே எடுக்க முடிந்தது எங்கள் பாக்கியம். உங்கள் வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கூடுதல் ஆதாரமாக இருக்கட்டும் என்று, பாட்டா படித்த பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேட்டு நகலையும் வாங்கினேன். மலையாளத்தில் இருந்தது, பிறப்பு, திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1098 ஆவணி. மொழிபெயர்த்துத் தந்தவர் 1098உடன் 825ஐக் கூட்டி 1923 என்று எழுதிவிட்டார். நானும் பார்க்காமல் வைத்துவிட்டேன். திருமுழுக்குச் சான்றிதழில் 1922, பாட்டாவின் இறப்புச் சான்றிதழிலும் 1922. கோலாலம்பூரில் கொடுத்த விண்ணப்பம் மூன்று வாரத்தில், ஆண்டு ஏன் மாறுகிறது என்ற கேள்வியோடு திரும்பி வந்தது.

கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில், அதாவது ஆகஸ்ட் நடுவில். அதனால் ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை, ஆங்கில ஆண்டு மாறும் வரைக்கும், 824ஐத்தான் கூட்ட வேண்டும். ஜனவரி பிறந்த பிறகு 825. 1098 ஆவணி என்றால் 1922 ஆகஸ்ட், செப்டம்பர். இதை எனக்குச் சொன்னது மாமிதான், தொலைபேசியில், யோசிக்கக்கூட இல்லாமல். திருத்திய மொழிபெயர்ப்பையும், கணக்கை விளக்கி ஒரு கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் வரவில்லை.

மற்றதெல்லாம் எளிது. படிவத்தின் இரண்டு பகுதிகளையும் இணையத்தில் நிரப்பி, படமும் கையொப்பமும் ஏற்றி, அச்செடுத்து, அசல் தாள்களோடு நேரில் போக வேண்டும். கட்டணம் 275 அமெரிக்க டாலருக்கு ஈடான ரிங்கிட். மொத்தம் 11 வாரத்தில் அட்டை கைக்கு வந்தது.

இப்போது மாமி வீட்டுத் திண்ணையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அடுத்தது ஆதார். கடந்த 12 மாதங்களில் 182 நாள் இங்கே வசித்திருந்தால் ஓ.சி.ஐ. வைத்திருப்பவரும் அதற்குப் பதிவு செய்யலாம். அடுக்களைச் சுவரில் தொங்கும் கோயில் நாட்காட்டியில் மாமி தினமும் காலையில் ஒரு கோடு போடுகிறார். இன்றைக்கு 47.