இரண்டு பிள்ளைக்கும் தண்ணீர் விட்ட பிறகு புன்னைநல்லூர்

அம்மை கண்ட வீட்டில் முதல் நாளே மஞ்சள் துணியில் காசு முடிந்து, "தாயே, நல்லபடியா இறங்கிப் போ. உன் வாசலுக்கு வந்து தொட்டிக்குத் தண்ணி ஊத்துறோம்" என்று புன்னைநல்லூர் மாரியம்மனை வேண்டிக்கொள்வது தஞ்சாவூர்ப் பக்கத்து வழக்கம். வேண்டுதலில் யாரும் தவறுவதில்லை. செலுத்தப் போகும் நாளில்தான் தவறுகிறார்கள். பெரியவனுக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டதுமே எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். கூடப் பிறந்தவளுக்கு அப்போதுதான் அம்மை உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

தடுப்பூசி போடாத, முன்பு அம்மை வராத பிள்ளைகள் ஒரே வீட்டில் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்குச் சின்னம்மை ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். பெரும்பாலும் இரண்டு வாரம். மாசி முதல் வெள்ளியில் அண்ணனுக்கு முத்துக் கண்டால், தங்கைக்கு மூன்றாம் வெள்ளியை ஒட்டி எதிர்பார்க்கலாம். கொப்புளம் தெரிய ஓரிரு நாள் இருக்கும்போதே அவளிடமிருந்து பரவத் தொடங்கிவிடும். சந்நிதி வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவள் கர்ப்பிணியாக இருக்கலாம், பின்னால் இருப்பவர் கையில் பிறந்து பத்து நாளான குழந்தை இருக்கலாம். அவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். ஆகவே கடைசிப் பிள்ளையின் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு கட்டும்வரை அந்த மஞ்சள் முடிச்சு பூஜையறையிலேயே இருக்கட்டும். தங்கைக்கு வரவே இல்லையென்றால், அண்ணனுக்குக் கடைசிப் பொருக்கு கட்டியதிலிருந்து 21 நாள் கழித்துக் கிளம்பலாம்.

அதுவரை வீடுதான் சந்நிதி. நிலைப்படியில் வேப்பிலை செருகியதும் வெளியாட்கள் உள்ளே வராமல் நிற்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! அதைப் பெரியவர்கள் சொன்னபடியே கடைப்பிடியுங்கள். வீட்டில் தாளிக்காமல், பொரிக்காமல் இருப்பதும் நல்லதே. அம்மை வாய்க்குள்ளும் போடும், காரமும் புளியும் பட்டால் பிள்ளை சாப்பாட்டையே மறுத்துவிடும். ஆறிய கஞ்சி, உப்புக் குறைத்த மோர், இளநீர், நுங்கு என்று கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையென்றால் உள்ளே போன நீர் போதவில்லை.

தலைக்கு ஊற்றும் மூன்று தண்ணீரை ஒற்றைப்படை நாள் பார்த்து விடுவது முறை. வேப்பிலையும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை அப்படியே ஊற்றலாம். ஆனால் அந்த நாள் வரும்வரை உடம்பில் தண்ணீரே படக்கூடாது என்று வைத்திருப்பது சரியில்லை. வியர்வையும் அழுக்கும் சேர்ந்தால் சொறிந்த இடம் சீழ் பிடிக்கும், தழும்பு அங்கேதான் விழும். தினமும் வெதுவெதுப்பான நீரில் குளிக்கவைத்து, தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். அரிப்புக்கு வேப்பங்கொழுந்தால் வருடலாம். முற்றிய இலையின் ஓரம் கொப்புளத்தைக் கிழித்துவிடும். வேப்பிலை மஞ்சள் விழுதை உடைந்த கொப்புளத்தின்மேல் அப்பக்கூடாது. காய்ந்து உரியும்போது பொருக்கையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

இரண்டு பிள்ளைகள் படுத்திருக்கும் வீட்டில் மருந்தில்தான் குழப்பம் நேரும். பாராசிட்டமால் எடைக்கு ஏற்ற கணக்கு: கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 20 கிலோ அண்ணனுக்கு 6 மில்லி, 12 கிலோ தங்கைக்கு 3.6 மில்லி. அதே மருந்து 125 மில்லிகிராம் அளவிலும் வருகிறது, சொட்டு மருந்தாக அதைவிடப் பல மடங்கு அடர்த்தியிலும் வருகிறது. பாட்டில் மாறினால் கணக்கும் மாறும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, இப்யூப்ரோஃபெனும் வேண்டாம். யாருக்கு எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று காலண்டர் தாளில் இரண்டு பத்தியாக எழுதிவையுங்கள். இரவில் அம்மா ஒரு தடவையும் அப்பத்தா ஒரு தடவையும் கொடுத்துவிடுவது அப்போதுதான் நிற்கும்.

பின்னால் படுக்கும் பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் அதிகமாகப் போடும். நாள் முழுக்க ஒரே அறையில் இருந்ததால் கிருமி கூடுதலாக உள்ளே போயிருக்கும் என்பது மருத்துவர்கள் சொல்லும் காரணம். அதனால் தங்கைக்கு முதல் கொப்புளம் கண்ட அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அம்மைக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மருந்து தேவை என்று அவர் கருதினால் 24 மணி நேரத்துக்குள் தொடங்குவதில்தான் பலன் அதிகம். அண்ணனுக்குக் கண்ட மூன்று நாளுக்குள், ஒரு வயது தாண்டிய தங்கைக்குத் தடுப்பூசி போட்டால் வராமலே போகலாம், வந்தாலும் லேசாக வரும். ஊசி போட்டால் அம்மனுக்குக் குறையாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். பெரியம்மை ஊசியால் ஒழிந்தது என்று 1980-இல் உலகமே அறிவித்தது. மாரியம்மன் வாசலில் கூட்டம் இன்றும் குறையவில்லை. மூச்சு வாங்கினாலும், எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தாலும், நடை தள்ளாடினாலும், ஓரிடம் மட்டும் சிவந்து வீங்கிச் சுட்டாலும் நாள் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

எல்லாம் இறங்கியாயிற்று. இனி புறப்படலாம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் சாலையில் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் போனால் கோயில். ஞாயிற்றுக்கிழமை, அதிலும் ஆவணி ஞாயிறு, பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கக்கூடிய கூட்டமில்லை. வேறொரு நாள் காலை வெயில் ஏறுமுன் போவது நல்லது. புதுத் தழும்பில் வெயில் பட்டால் கருமை அழுத்தமாகப் பதிந்துவிடும், முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டு அழைத்துப் போங்கள்.

1680-இல் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் வெங்கோஜி சமயபுரத்தில் தங்கியிருந்தபோது கனவில் வந்த அம்பிகை, தஞ்சைக்குக் கிழக்கே புன்னைக் காட்டில் தான் இருப்பதாகச் சொன்னாள் என்கிறது தலபுராணம். புற்றாக இருந்த அவளுக்கு அந்தப் புற்று மண்ணாலேயே திருமேனி அமைத்தவர் சதாசிவப் பிரம்மேந்திரர் என்ற துறவி. பின்னர் துளஜா மன்னரின் மகள் நோயில் இழந்த பார்வையை இங்கே திரும்பப் பெற்றாள் என்றும் சொல்வார்கள். பிள்ளைக்காக இந்த வாசலில் நிற்கும் பெற்றோர் வரிசை அவ்வளவு பழையது. மண் திருமேனி என்பதால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. உற்சவருக்கும் விஷ்ணு துர்க்கைக்கும்தான். கோடையில் அவள் முகத்திலும் முத்து முத்தாக வியர்த்து மறையும். அந்த முகத்தைத் தழும்பு மாறாத பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்போது நமக்குக் கண் நிறைந்துவிடுகிறது.

அம்மனின் வெம்மை தணிய உள்தொட்டி, வெளித்தொட்டி என இரண்டு தொட்டிகளில் தண்ணீர் நிரப்புவதுதான் இங்கே அம்மைக்கான நேர்த்தி. குளித்து முடித்த அண்ணன் குடத்தைத் தூக்க, தங்கை தன் பங்குக்கு ஒரு சொம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தளும்பத் தளும்பக் கொண்டுவருவாள். பாதி அவள் பாவாடையில்தான் சிந்தும். ஊற்றட்டும், அவசரப்படுத்தாதீர்கள். தொட்டி ஓரம் வழுக்கும், ஒரு பெரியவர் கூடவே நிற்க வேண்டும். முன்பெல்லாம் அம்மை கண்டவர்களே இங்கு வந்து தங்கிக் குணமாகிப் போவார்கள். இப்போது கூட்டம் அப்படி. குணமாகி வருவதுதான் மற்றவர்களுக்குச் செய்யும் நன்மை.

மாவிளக்கு போடுவதாக வேண்டியிருந்தால் வீட்டிலேயே மாவைப் பிசைந்து எடுத்துப் போங்கள். இரண்டு ஆழாக்குப் பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, துணியில் உலர்த்தி, கையில் ஒட்டாத ஈரத்தில் இடித்துச் சலிக்க வேண்டும். ஒன்றேகால் ஆழாக்குப் பொடித்த வெல்லம், ஏலக்காய். தண்ணீர் தெளிக்கவே கூடாது. வெல்லம் கசிந்து மாவு தானே இளகும். தண்ணீர் சேர்ந்தால் குழி சரிந்து நெய் வழிந்துவிடும். படுக்கவைத்து வயிற்றில் ஏற்றும் வழக்கத்தை, தோல் இன்னும் ஆறாத பிள்ளைக்குச் செய்ய வேண்டாம். தட்டில் ஏற்றித் தாய் ஏந்தினால் போதும்.

முடி காணிக்கையை மட்டும் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். தலைமுடிக்குள் ஒளிந்திருக்கும் பொருக்குகள் கடைசியில்தான் உதிரும், அதன்மேல் கத்தி பட்டால் ரத்தம் வரும். விரலால் தலை முழுக்கத் தடவிப் பார்த்து, எங்கும் சொரசொரப்பு இல்லையென்றால் செலுத்தலாம்.

கிளம்புமுன் கோயிலில் ஒரு விஷயம் விசாரித்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மண்டலம், 48 நாள், மூலவருக்குத் தைலக்காப்பு நடக்கும். அந்த நாட்களில் வெண்திரையில் எழுதிய அம்மனைத்தான் தரிசிக்க முடியும். வழிபாடு குறைவின்றி நடக்கும் என்பதால் தொட்டி நிரப்ப வருபவர்கள் அப்போதும் வரலாம். மூலவரையே பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் மண்டலம் முடிந்த பிறகு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.