மணிலாவுல மாரல் தியாலஜி எக்ஸாம் எழுதப் போறவங்களுக்கு

மணிலாவுக்கு தியாலஜி படிக்கப் போற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் கேக்குறீங்க, கிறிஸ்தவ அறநெறியும் மனுஷனும்ங்கிற பேப்பரை பிலிப்பினோ பார்வையில எப்படிப் படிக்கிறதுன்னு. முதல் டெஸ்ட்ல நான் செஞ்ச தப்புல இருந்தே சொல்றேன். உத்தாங் நா லோஓப்னா நன்றிக்கடன், ஹியான்னா வெக்கம், பகிகிசாமான்னா ஒத்துப்போறது, பஹாலா நான்னா விதி விட்ட வழின்னு அவங்க மொழிச் சொற்களை வரிசையா எழுதி, எதிர்ல நல்லது கெட்டதுன்னு ரெண்டு கட்டம் போட்டு மனப்பாடம் பண்ணி அப்படியே கக்கி வச்சேன். பேப்பர் ஓரத்துல ப்ரொஃபசர் எழுதியிருந்தது ஒரு கேள்விதான், "இதுல மனுஷன் எங்க?"

அந்த மனுஷனை நான் ஜீப்னியிலதான் (அந்த ஊர் ஷேர் ஜீப் பஸ்) பாத்தேன். பின்னாடி ஏறுனவர் "பாயாட் போ"ன்னு (டிக்கெட் காசுங்க) காசை நீட்டுவாரு, அது முன்னபின்ன தெரியாத அஞ்சாறு கை மாறி டிரைவர்கிட்ட போகும், மீதிச் சில்லறையும் அதே மாதிரி கை மாறித் திரும்பி வரும். இதான் காப்வா. 1970கள்ல பிலிப்பினோ உளவியலை வளர்த்த விர்ஜிலியோ என்ரிக்கெஸ் நடுவுல வச்ச சொல் இது, 'மத்தவங்க'ன்னு மொழிபெயர்த்தீங்கன்னா போச்சு, இதுல நானும் நீயும் ஒண்ணாதான் இருக்கோம். அந்த ஊர் ஆயர்களோட 1997 மறைக்கல்வி ஏடும் மனுஷன் யாருன்னு சொல்றப்போ உறவுக்குத் திறந்தவன்னு சொல்லுது, ரெண்டையும் சேத்துப் படிங்க.

லோஓப்ங்கிறது நமக்கு ரொம்ப ஈஸி. 'உள்ளே'ன்னு அர்த்தம், நாம உள்ல இருந்து உள்ளம்னு சொல்றோம்ல, அதே மாதிரி. மனசாட்சிக்கு அவங்க சொல்ற 'புதி' கூட சமஸ்கிருதத்துல இருந்து போனதுதான், நமக்கு அது மூளை, அவங்களுக்கு மனசாட்சி.

ஓரல்ல எனக்கு வந்த கேஸ் இது: சித்தி துபாய்ல வீட்டு வேலை பாத்து உன்னைப் படிக்க வச்சாங்க, இப்போ நீ ஆபீசர், தகுதி இல்லாத அவங்க மகனுக்கு வேலை போட்டுக் குடுன்னு கேக்குறாங்க, என்ன பண்ணுவ? எனக்கு உடனே கர்ணன்தான் ஞாபகம் வந்தான், செஞ்சோற்றுக் கடன். அதையே சொன்னேன், ஆனா அதோட நிறுத்தல. சித்தி குடுத்தது ககாந்தஹாங் லோஓப், மனசார குடுத்தது, அதை பாவத்தால திருப்பித் தந்தா அந்தக் கொடையையே வியாபாரமாக்கிடுறோம், அதுவுமில்லாம அந்த வேலைக்கு க்யூவுல நிக்கிற முகம் தெரியாத ஆளும் எனக்குக் காப்வாதானே. சித்திக்கு வயசான காலத்துல நான் சோறு போடணும், மருந்து வாங்கித் தரணும், அந்தக் கடன் தீராது, தீரவும் வேண்டாம். நம்மை முதல்ல நேசிச்சது கடவுள்னு யோவான் சொல்றதை இங்க கொண்டு வந்து வைங்க, பதில் முழுசாகும்.

பஹாலா நாவை சோம்பேறித்தனம்னு மட்டும் எழுதிடாதீங்க, என்ன ஆகும்னு தெரியாமலே துணிஞ்சு இறங்குறதும் அதுதான்னு உளவியலாளர் அல்ஃப்ரெடோ லாக்மாய் காட்டியிருக்காரு. கோயில்ல ஒரு முகம் வெளியில ஒரு முகம்ங்கிறதுக்கு இயேசு சபைக் குருவும் உளவியலாளருமான ஹைமே புலத்தாவ் 1966ல சொன்ன 'ரெண்டு அடுக்கு கிறிஸ்தவம்' போதும். சமூக அறநெறி கேட்டா, மார்க்கோஸ் ஆட்சியை மக்கள் தெருவுல இறங்கி அமைதியா வீழ்த்துன 1986 எட்சா புரட்சியையும், ஏழைகளின் திருச்சபைன்னு சொன்ன 1991 பிலிப்பைன்ஸ் திருச்சபைப் பேராயத்தையும் எழுதுங்க.

எல்லாத்துக்கும் மேல, ஹாஸ்டல்ல சமைக்கிற ஆத்தேகிட்ட (அக்கான்னு அர்த்தம்) உக்காந்து பேசுங்க. ஹியான்னா என்னன்னு நான் கேட்டப்போ அவங்க சோத்துக் கரண்டியைக் கீழ வச்சுட்டு, எங்க ஊர்ல ஒருத்தனை 'வாலாங் ஹியா'ன்னு திட்டிட்டா அதுக்கு மேல திட்ட வார்த்தை இல்லன்னாங்க. வெக்கங்கெட்டவன்! அதை அப்படியே ஃபைனல்ல எழுதினேன்.