கேமிங் கீபோர்டு: கூடுதல் காசு எங்கே போகிறது?

சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் போனால், 500 ரூபாய் சாதாரணக் கீபோர்டு ஒரு மூலையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். கண்ணாடி அலமாரியில் கலர் லைட் எரிய நிற்பதெல்லாம் கேமிங் கீபோர்டு. ஏறக்குறைய 800 ரூபாயில் தொடங்கி பத்தாயிரத்தைத் தாண்டியும் போகும். காலேஜ் படிக்கும் பையன் கேட்கிறான், அப்பா யோசிக்கிறார். கொடுக்கலாமா?

1,500 ரூபாய்க்குக் கீழே 'கேமிங்' என்று விற்பதற்குப் பெரும்பாலும் கொடுக்க வேண்டாம். 2,000 முதல் 4,000 வரைக்குள் உண்மையான மெக்கானிக்கல் கீபோர்டு (ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச் இருப்பது) கிடைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அந்தக் காசுக்கான பலன் விளையாட்டில் கிடைப்பதைவிட டைப் அடிப்பதிலும், நீண்ட நாள் உழைப்பதிலும், பழுது பார்ப்பதிலும்தான் அதிகம் கிடைக்கும். அதற்கு மேலே போவது, ஒரே ஒரு விஷயம் தவிர, ஆசைக்குக் கொடுக்கும் காசு.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சாதாரணக் கீபோர்டில் வெள்ளி மையால் கோடு போட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்களும் அவற்றின் மேல் ரப்பர் குமிழ்களும் இருக்கும். கீயை அழுத்தினால் குமிழ் மடங்கி, தாள்கள் ஒன்றையொன்று தொடும். கிட்டத்தட்ட அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். 800 ரூபாய் கேமிங் கீபோர்டிலும் இதே தாளும் ரப்பரும்தான், கூடவே நாலு எல்.இ.டி. "தம்பி, இது மெக்கானிக்கல் மாதிரியேதான் இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் அந்த 'மாதிரி'யைக் கவனியுங்கள். ஒரு கீயின் மூடியை மட்டும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கீழே ஒவ்வொரு கீக்கும் ஸ்விட்ச் என்ற தனித்தனிச் சின்னப் பெட்டியும், அதன் நடுவில் சிவப்பு, நீலம், பழுப்பு என்று ஏதோ ஒரு நிறத்தில் கூட்டல் குறி வடிவத் தண்டும் தெரிந்தால் அது மெக்கானிக்கல்.

ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களிலிருந்து இந்த ஸ்விட்சைச் செய்துவருகிறது. காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு என்று சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் செய்ய ஆரம்பித்ததால்தான் இன்று 2,500 ரூபாய்க்கே மெக்கானிக்கல் வருகிறது. நிறத்தை வைத்து குணம் சொல்லலாம். சிவப்பு வழுவழுவென்று இறங்கும். சுமார் 45 கிராம் அழுத்தம் போதும், மொத்தம் 4 மில்லிமீட்டர் பயணத்தில் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழும். பழுப்பில் நடுவே லேசாக ஒரு தட்டல் தெரியும். நீலத்தில் தட்டலோடு டிக் டிக் சத்தமும் உண்டு, அழுத்தமும் 60 கிராம் அளவுக்குக் கேட்கும். 'ஸ்பீட் சில்வர்' வகை 1.2 மில்லிமீட்டரிலேயே பிடித்துவிடும். விரல் சும்மா பட்டாலே எழுத்து விழுவதால் டைப் அடிப்பவர்களுக்கு ஆகாது. ராத்திரி விளையாடுபவர் நீலம் வாங்கினால் வீட்டில் ஒருவரும் தூங்க முடியாது. மைக்கில் பேசிக்கொண்டே ஆடினால் எதிர்முனையில் இருப்பவருக்கும் அந்தச் சத்தம்தான் கேட்கும்.

விளையாட்டுக்கு உண்மையாகவே உதவும் முதல் விஷயத்தைப் பெட்டியில் 'ஆன்டி கோஸ்டிங்' என்று போட்டிருப்பார்கள். கீபோர்டுக்குள் நூறு கீக்கு நூறு வயர் கிடையாது. வரிசையும் பத்தியுமாகக் கட்டம் போட்டு, சந்திக்கும் இடத்தில் ஒரு கீ வைத்திருப்பார்கள். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் இருக்கும் கீக்களை ஒரே நேரத்தில் அழுத்தினால், நாலாவது மூலையும் அழுத்தப்பட்டதாகச் சர்க்யூட்டுக்குத் தோன்றும். தப்பான எழுத்து விழக் கூடாதென்று பல கீபோர்டுகள் மூன்றாவது கீயை அப்படியே விழுங்கிவிடும். ஓடிக்கொண்டே, குனிந்தபடி, குதிக்கப் பார்க்கும்போது ஆள் குதிக்காமல் நிற்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு ஒன்றை ஒவ்வொரு கீக்கும் வைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை; 'என்-கீ ரோல்ஓவர்' என்பது அதுதான். விலை குறைந்த கேமிங் கீபோர்டுகள் ஆளை நகர்த்தும் டபிள்யூ, ஏ, எஸ், டி சுற்றியுள்ள கீக்களை மட்டும் மோதாத கட்டங்களில் மாற்றி வைத்துவிட்டு '19 கீ ஆன்டி கோஸ்டிங்' என்று போட்டுக்கொள்ளும்.

தனியாகச் சுட்டு விளையாடுபவருக்கு அந்தப் பத்தொன்பதே போதும். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் உட்கார்ந்து ஃபுட்பால் ஆடுகிற வீட்டுக்குத்தான் முழு ரோல்ஓவர் தேவை. தம்பி இந்தப் பக்கம் நாலு கீ, அண்ணன் அந்தப் பக்கம் நாலு கீ அழுத்தினால் சாதாரணக் கீபோர்டு திணறிவிடும். ஆளுக்கு ஆள் "நீ ஏமாத்தற" என்று சண்டை வரும். கடையிலேயே சோதிக்கலாம். நோட்பேடைத் திறந்து, இரண்டு ஷிப்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏ முதல் இசட் வரை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். மட்டமான கீபோர்டில் சில எழுத்து விழவே விழாது.

அடுத்தது 'போலிங் ரேட்'. சாதாரணக் கீபோர்டு நொடிக்கு 125 தடவை (125 ஹெர்ட்ஸ்) கம்ப்யூட்டரிடம் சேதி சொல்லும், அதாவது 8 மில்லிநொடிக்கு ஒரு தடவை. கேமிங் கீபோர்டு 1,000 தடவை, 1 மில்லிநொடிக்கு ஒன்று. சராசரியாகப் பார்த்தால் மூன்றரை மில்லிநொடி மிச்சம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு படம் மாறவே 16.7 மில்லிநொடி ஆகிறது. சேலத்திலிருந்து மும்பை சர்வருக்குத் தகவல் போய்வர அதைவிட அதிகம். 1,000 நல்லது, இன்று 2,000 ரூபாய்க் கீபோர்டிலேயே வருகிறது. 8,000 ஹெர்ட்ஸ் என்று விளம்பரம் செய்து கூடுதலாக 4,000 ரூபாய் கேட்டால் வேண்டாம். அதே காசை 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கோ நல்ல மவுஸுக்கோ போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

முன்பு சொன்ன விதிவிலக்கு 'ஹால் எஃபெக்ட்' கீபோர்டு. இதில் உலோகத் தொடுகை கிடையாது. தண்டில் காந்தம், கீழே அதன் தூரத்தை அளக்கும் சென்சார். எந்த ஆழத்தில் எழுத்து விழ வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். விரலைக் கொஞ்சம் தூக்கினாலே கீ விட்டதாகக் கணக்காகும் 'ரேப்பிட் ட்ரிக்கர்' இப்படி ஆழத்தை அளக்கும் கீபோர்டில்தான் சரியாக வேலை செய்யும். கவுண்டர் ஸ்ட்ரைக், வேலரன்ட் என்ற சுடும் விளையாட்டுகள் இரண்டிலும் ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்திச் சுடுபவருக்கு இது நிஜமான பலன். ஆனால் ஏ, டி மாதிரி எதிரெதிர்க் கீக்கள் இரண்டையும் சேர்த்து அழுத்தினாலும் கடைசியாக அழுத்தியதை மட்டும் கீபோர்டே எடுத்துக் கொடுக்கும் வசதியை, அந்த விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2இன் அதிகாரபூர்வ சர்வர்களில் ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டது. பயன்படுத்தினால் ஆட்டத்திலிருந்து வெளியே தள்ளும். வாங்கினால் அந்த வசதியை அணைத்து வையுங்கள். ஜி.டி.ஏ. ஓட்டுபவருக்கும் கிரிக்கெட் ஆடுபவருக்கும் இது எதுவுமே தேவையில்லை.

டைப் அடிப்பதற்கு வருவோம், தமிழில் அடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் ந, ய, ச, ஞ, ண, ழ ஆறும் வலது சுண்டுவிரலுக்கு வருகின்றன. இருப்பதிலேயே பலம் குறைந்த விரலுக்குத்தான் இவ்வளவு வேலை. 60 கிராம் நீல ஸ்விட்சில் நாள் முழுக்கப் பக்கம் பக்கமாக அடித்தால் அந்த விரல்தான் முதலில் வலிக்கும். டி.டி.பி. வேலைக்கு 45 கிராம் சிவப்போ, நீலத்தைவிட லேசான பழுப்போ எடுங்கள். பத்திர எழுத்தர் அலுவலகத்திலும் பில் கவுண்டரிலும் காணும் டிவிஎஸ் கோல்டு மெக்கானிக்கல்தான், அதில் லைட்டும் கிடையாது, கேமிங் என்ற பெயரும் கிடையாது. சத்தம் பொறுத்துக்கொள்ள முடிந்தால் வேலைக்கு அது போதும்.

சேலத்துத் தூசி, ஏற்காட்டு ஈரம் இரண்டும் கீபோர்டுக்கு எதிரி. தூசியோ ஈரத்தில் ஏறும் களிம்போ ஸ்விட்சுக்குள் தொடுகைத் தகட்டில் படிந்தால், ஒரு தடவை அழுத்தியதற்கு எழுத்து இரண்டு தடவை விழும். ஏற்காட்டில் மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும் என்பதால், வேலை முடிந்ததும் ஒரு மூடி போடுவது நல்லது. இரட்டை எழுத்து விழ ஆரம்பித்தால் வயரைப் பிடுங்கி, கீ மூடியைக் கழற்றி, தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு காண்டாக்ட் கிளீனர் கொஞ்சம் தெளித்து, இருபது முப்பது தடவை அழுத்தி விடுங்கள். துருவுக்கு அடிக்கும் சாதாரண ஸ்ப்ரே வேண்டாம். அதன் எண்ணெய்ப் பிசுக்கு தூசியை இழுத்துவைக்கும், சில பிளாஸ்டிக்கையும் கெடுக்கும்.

இதனால்தான் 'ஹாட் ஸ்வாப்' இருக்கிற மாடலுக்கு 500 ரூபாய் கூடக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. சால்டரிங் இல்லாமல் கெட்ட ஸ்விட்சை இடுக்கியால் பிடுங்கிவிட்டு, சில பத்து ரூபாய்க்கு வேறு போடலாம். இரண்டு உலோகக் காலும் நேராக இருக்கிறதா என்று பார்த்து, போர்டை அடியில் ஒரு கையால் தாங்கி, செங்குத்தாக அழுத்துங்கள். பாதிப் பேர் இங்கேதான் காலை மடக்கிவிட்டு, ஸ்விட்ச் மட்டம் என்கிறார்கள். விலை குறைந்த சில போர்டுகளில் துளை சின்னது, அவுட்டெமுவின் ஒல்லிக் கால் மட்டும்தான் நுழையும். ஐந்து கால் ஸ்விட்ச் மூன்று கால் போர்டில் போகவில்லை என்றால், இரண்டு பிளாஸ்டிக் காலையும் நகவெட்டியால் வெட்டிவிடலாம். ரப்பர் கீபோர்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. டீ கொட்டி வெள்ளிக் கோடு அரித்துவிட்டால் குப்பைதான்.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். மெக்கானிக்கல் கீபோர்டு பலவற்றில் ஸ்விட்சுக்கு அடியில் இரும்புத் தகடு இருக்கும். பழைய வீடுகளில் எர்த் சரியில்லை என்றால், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து கசியும் மின்சாரம் யூஎஸ்பி வயரின் உறை வழியாகத் தகடு வரை வந்து விரலில் சுருக்கென்று கடிக்கும். கீபோர்டை மாற்றிப் பயனில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்றாவது பின்னில் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கும் முன்பு காசில்லாமல் சரிசெய்யக்கூடிய இரண்டு தொல்லைகள் உண்டு. விளையாடும்போது ஷிப்டை ஐந்து தடவை தட்டினால் விண்டோஸ் 'ஸ்டிக்கி கீஸ்' என்று ஒரு பெட்டியைத் திறந்து ஆட்டத்தைக் கெடுக்கும். வலது ஷிப்டை எட்டு நொடி பிடித்தால் ஃபில்டர் கீஸ் வந்து, அதை ஆன் செய்துவிட்டால் கீபோர்டே செத்த மாதிரி ஆகிவிடும். அமைப்புகளில் அக்ஸசிபிலிட்டிக்குப் போய் இரண்டின் குறுக்குவழியையும் அணைத்துவிடுங்கள். கீபோர்டு மெதுவாக இருக்கிறது என்று வரும் புகார்களில் கொஞ்சம் இங்கேயே தீர்ந்துவிடும்.

கீ மூடி ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் கொஞ்ச நாளில் பளபளவென்று வழுக்க ஆரம்பிக்கும், பிபிடி பிளாஸ்டிக் என்றால் சொரசொரப்பு நிற்கும். எழுத்து அச்சடித்ததா, இரண்டு பிளாஸ்டிக் சேர்த்து வார்த்ததா என்று மூடியைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள், வார்த்தது அழியாது. ஸ்பேஸ்பார் கடகடவென்று ஆடினால் ஆட்டோமொபைல் ஸ்பேர்ஸ் கடையில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வாங்கி, ஸ்பேஸ்பாரை மட்டமாகத் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் இரு முனையிலும் குண்டூசி முனையளவு தடவினால் போதும். பில்லை வாங்கி வைத்துக்கொண்டு, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் எல்லாக் கீயையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். புதுக் கீபோர்டிலும் இரட்டை எழுத்து வருவதுண்டு.