இந்திய விமானப்படையின் தாக்கும் திறனைக் கணக்கிடுவது எப்படி?

சுகோய் சுமார் 260, ரஃபேல் 36, அப்புறம் மிராஜ், ஜாகுவார், தேஜஸ் என்று கூட்டிக்கொண்டே போய் "நம்மிடம் இத்தனை இருக்கிறது" என்று முடிப்பது இருப்புக் கணக்கு. தாக்கும் திறன் வேறு. இன்றிரவு, இவ்வளவு தூரத்தில் உள்ள இந்த இலக்கில், எத்தனை குண்டு போய் விழும்? கேள்வியை இப்படிப் போட்டால்தான் பதிலுக்கு அர்த்தம் உண்டு.

முதலில் ஸ்குவாட்ரன், அதாவது போர் விமானங்களின் படைப்பிரிவு. அனுமதிக்கப்பட்டவை 42. 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வுபெற்ற பிறகு இருப்பவை 29. ஒரு ஸ்குவாட்ரனுக்கு வழக்கமாக 16 முதல் 18 விமானங்கள். அத்தனையும் ஒரே நாளில் கிளம்பாது; சில ஓவர்ஹாலில் இருக்கும், சில உதிரிபாகத்துக்காக ஹேங்கரில் காத்திருக்கும். 18-இல் 65 சதவீதம் தயார் என்று வைத்தால் 11 அல்லது 12 தேறும். தளத்தின் வான்காவலுக்கு 4 போக, மீதியில் பாதி பாதுகாப்புக்கு உடன் பறந்தால் குண்டு சுமப்பவை நான்கே. இது உதாரணக் கணக்குதான், சதவீதத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எப்படிப் போட்டாலும் 18 வராது.

அடுத்து, விளம்பர எண்கள். சுகோய்-30 எம்.கே.ஐ. 8 டன் ஆயுதம் சுமக்கும், உள் எரிபொருளிலேயே சுமார் 3,000 கி.மீ. பறக்கும் என்பார்கள். இரண்டும் உண்மை, ஆனால் சேர்ந்து நடக்காது. அந்த 3,000 கி.மீ. என்பது, உயரே சிக்கன வேகத்தில் பறந்தால் போகும் தூரம் மட்டும். திரும்பி வர வேண்டும். ரேடாருக்குத் தப்பத் தாழப் பறந்தால் எரிபொருள் கரையும். கூடுதல் எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் ஆஃப்டர்பர்னரைப் போட்டால் சில நிமிடங்களில் டேங்க் காலி. போர் ஆரம், அதாவது போய்த் தாக்கிவிட்டுத் திரும்பக்கூடிய தூரம், இதையெல்லாம் கழித்தபின் மிஞ்சுவது.

பிரம்மோஸ் ஏவுகணை இந்தக் கணக்கை மாற்றுகிறது. விமானத்திலிருந்து ஏவும் வடிவம் 2.5 டன், சுகோயின் வயிற்றடியில் ஒன்றே ஒன்றுதான் பொருத்தலாம். ஆனால் 290 கி.மீ.க்கு அப்பாலிருந்தே ஏவலாம் என்பதால் எதிரியின் வான்பாதுகாப்பு வளையத்துக்குள் விமானம் நுழைய வேண்டியதில்லை. 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் 222-ஆவது சுகோய் ஸ்குவாட்ரனை இந்த ஏவுகணையோடு நிறுத்தியதன் பொருள் இந்தியப் பெருங்கடல். தென்னகத்திலிருந்து எழும்பும் கனரகத் தாக்கு விமானம் அங்கே எட்டும் தூரத்தை வரைபடத்தில் வட்டம் போட்டுப் பார்த்தால் புரியும்.

அந்த வட்டத்தை இன்னும் பெரிதாக்க பறக்கும்போதே எரிபொருள் நிரப்பும் டேங்கர் விமானம் வேண்டும். நம்மிடம் இல்யூஷின்-78 ஆறு மட்டுமே. 2017 சி.ஏ.ஜி. (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை, 2010-16 காலத்தில் இவற்றின் சராசரி தயார்நிலை 49 சதவீதம் என்றது. பலர் ரஃபேலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், இதைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள். என் கணக்கில் படையின் நீண்ட கை முடங்கும் இடம் இதுதான்.

இலக்கின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். ஓடுதளத்தை உடைப்பதென்றால் ஒரு பள்ளம் போதும் என்று நினைப்பது தவறு. 2,700 மீட்டர் நீள ஓடுதளத்தை நடுவில் வெட்டினால் இருபுறமும் 1,300 மீட்டர் மிச்சம். இலகு சுமையோடு போர் விமானம் எழும்பிவிடும். அகலம் 45 மீட்டர் என்றால் பள்ளத்தின் ஓரமாக ஒரு 15 மீட்டர் பட்டை கிடைத்தாலே சமாளிப்பார்கள். ஆகவே குறைந்தது இரண்டு இடங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கே வரிசையாக அடிக்க வேண்டும். குறி தவறுபவற்றுக்கும் இடைமறிக்கப்படுபவற்றுக்கும் சேர்த்து ஏவினால் ஒரே தளத்துக்குப் பத்துக்கு மேல் ஆயுதம் ஆகும். 2025 மே 10 அன்று இந்தியா நடத்திய தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தானின் ரஹீம் யார் கான் ஓடுதளப் பள்ளம் செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. இத்தகைய பள்ளத்தைச் சரளைக்கல், விரைவுச் சிமெண்ட் கொண்டு சில மணி நேரங்களில் நிரப்பிவிட முடியும்.

எனவே மறுநாளும் அதே இடத்தில் அடிக்க வேண்டும். இங்கே கிடங்கில் உள்ள ஆயுத இருப்பும், இழந்த விமானத்துக்கு ஈடு வரும் வேகமும் கணக்கில் சேர்கின்றன. இரண்டாவதில் நிலைமை சரியில்லை. 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ ஆர்டர் செய்தோம். அதற்கான அமெரிக்க எஃப்-404 என்ஜின் வரத்து தாமதமானதில் அட்டவணையே பின்தங்கிவிட்டது.