ஆப்புக்கு பேரும் ஸ்கேலிங்கும் முதல்ல எழுதுங்க

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல துணிக்கடைங்களுக்கு பைத்தான்ல பைசைடு (ஜன்னல், பட்டன் எல்லாம் வரைஞ்சு குடுக்கற க்யூடி லைப்ரரிய பைத்தான்லேர்ந்து கூப்புடற பேக்கேஜ்) வெச்சு பில்லிங் ஆப் எழுதிக் குடுக்கறேன். இங்க ஆப் எழுதற பசங்க பாதி பேரு ஆப் பேரையும் ஸ்கேலிங்கையும் (ஸ்கிரீனுக்கு ஏத்த மாதிரி எழுத்து, பட்டன் அளவ பெருசாக்கறது) கடைசில பாத்துக்கலாம்னு தள்ளிடறாங்க. என்னைக் கேட்டா முதல்ல எழுத வேண்டியதே இந்த ரெண்டுதான், காலைலேர்ந்து கடை சாத்தற வரைக்கும் கல்லாவுல உக்காந்திருக்கறவரு பாக்கறது இதத்தானே.

க்யூடியில பேரு வைக்க ரெண்டு ஃபங்க்ஷன் இருக்கு. செட்அப்ளிகேஷன்நேம் உள்வேலைக்கு, செட்டிங்ஸ் எங்க சேவ் ஆகணும், டேட்டா ஃபோல்டர் எதுன்னு க்யூடி அத வெச்சுதான் பாக்கும். அத இங்கிலீஷ் எழுத்துலயே வெச்சுட்டு அப்புறம் தொடாதீங்க, அப்டேட்டுல மாத்தினா பிரிண்டர் செட்டிங், ஜிஎஸ்டி நம்பர் எல்லாம் பழைய ஃபோல்டர்லயே கிடக்கும், ஆப் புதுசா ஒரு ஃபோல்டர்ல தேடி ஒண்ணுமில்லன்னு நிக்கும், கடைக்காரரு உங்களுக்கு போன் போடுவாரு. செட்அப்ளிகேஷன்டிஸ்ப்ளேநேம்தான் ஆளுங்களுக்குக் காட்ட, அதுல தாராளமா தமிழ்ல வைங்க, விண்டோஸ்ல ஜன்னல் தலைப்புக்குப் பின்னாடி ஒரு கோடு போட்டு அதுவே வந்து ஒட்டிக்கும். லினக்ஸ்ல வேலாண்டுன்னா (ஜன்னல்கள ஸ்கிரீன்ல காட்டற புது முறை) செட்டெஸ்க்டாப்ஃபைல்நேமும் குடுங்க, இல்லன்னா டாக்ல (ஓடற ஆப் ஐகான் வரிசையா நிக்கற பட்டை) உங்க ஐகான் வராது.

ஸ்கேலிங்தான் பெரிய தலைவலி. இப்ப வர்ற லேப்டாப்ல விண்டோஸ் 125 இல்ல 150 சதவீதம் வெச்சே வருது. ஒரு கடையில யாரோ முன்ன எழுதின க்யூடி 5 ஆப் ஓடிட்டிருந்துச்சு, அண்ணன் ஸ்கிரீன்ல வெரல வெச்சு "இன்னா தம்பி, தள்ளுபடில பாதி எழுத்த காணோம்"னாரு. பாத்தா ளு-வோட வாலும் டி-யோட கொக்கியும் வெட்டுப்பட்டு நடுப்பட்டை மட்டும் தெரியுது. அந்த ஆப்புல ஸ்கேலிங் ஆன் பண்ணல, அதனால பாயிண்ட்ல சொன்ன ஃபான்ட் 125-க்கு ஏத்த மாதிரி வளந்துடுச்சு, பிக்சல்ல சொன்ன பெட்டி அப்படியே நின்னுடுச்சு. இங்கிலீஷா இருந்தா சமாளிச்சிருக்கும், தமிழுக்கு மேலயும் இடம் வேணும் கீழயும் வேணும்.

க்யூடி 5.6-லயே ஹை டிபிஐ ஸ்கேலிங் (பெட்டியையும் சேத்து பெருசாக்கறது) வந்துடுச்சு, ஆனா ஆப் ஆப்ஜெக்ட் உருவாக்கறதுக்கு முன்னாடியே ஆன் பண்ணணும். அப்பவும் அது முழு எண்ணாதான் பாக்கும், 1.25-அ 1-ஆக்கிடும், 1.5-அ 2-ஆக்கிடும், சேவ் பட்டன் ஸ்கிரீன விட்டே வெளிய போயிடும். 5.14-ல அத மாத்திக்க பாஸ்த்ரூ பாலிசி (1.25-அ 1.25-ஆவே விடற செட்டிங்) குடுத்தாங்க. க்யூடி 6-ல ஸ்கேலிங், பாஸ்த்ரூ ரெண்டும் தானாவே ஆன், அதனால புதுசா எழுதறவங்க 6-லயே ஆரம்பிங்க. அதுக்காக ஃபிக்ஸட் ஹைட் 24-னு எழுதிடாதீங்க, தமிழ் அங்கயும் வெட்டுப்படலாம், லேஅவுட் (பெட்டிங்களோட அளவ தானா பாத்துக்கறது) கையிலயே விட்டுடுங்க, இல்ல ஃபான்ட் மெட்ரிக்ஸ்லேர்ந்து (எழுத்தோட அளவு சொல்றது) உயரம் எடுங்க.

பெரிய ஸ்கிரீன் கையில இல்லன்னாலும் டெஸ்ட் பண்ணலாம். க்யூடி_ஸ்கேல்_ஃபாக்டர்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கு, அத 1.25, 1.5-னு மாத்தி மாத்தி வெச்சு ஓட்டுங்க, "தள்ளுபடி"யும் "மீதித்தொகை"யும் இருக்கற பில் ஸ்கிரீன்லேர்ந்து ஆரம்பிங்க.