ஓட்டத் தெரிந்தவன் பெயில் ஆகிற பரீட்சை: மேன்லிஃப்ட் கார்டு எடுத்த கதை

நான் எலக்ட்ரீஷியன். 7 வருடமாகப் பெங்களூரில் பீன்யா, நெலமங்கலா பக்கத்து குடோன்களில் லைட் மாட்டுகிறேன், சொந்த ஊர் தர்மபுரி. கத்தரி மாதிரி விரிந்து நேராக மேலே ஏறும் மேடை மெஷின்தான் சிசர் லிஃப்ட், அதை யாரும் சொல்லித் தராமலே ஓட்டிப் பழகியவன். அதனால், ஐபாஃப் (IPAF) என்ற சர்வதேச அமைப்பின் ஆபரேட்டர் கார்டு இருந்தால்தான் இனி மேன்லிஃப்ட், அதாவது ஆளை உயரே தூக்கும் மெஷின் எதையும் தொடலாம் என்று சைட்டில் சொன்னபோது ஒரு நாள் கூலி போகிறதே என்றுதான் கவலைப்பட்டேன், பரீட்சையை நினைத்து இல்லை. தியரி பாஸ். பிராக்டிகலில், மெஷின் மேல் ஏறுவதற்கு முன்னாலேயே பெயில்.

சாவியைத் திருகினேன், டயரை ஒரு உதை உதைத்தேன், ஏணியில் கால் வைத்தேன். பரீட்சை வைத்தவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மேலே போனதும் உனக்கு மயக்கம் வந்தால் யார் இறக்குவது?" கீழே நின்ற பையனைக் காட்டினேன். "எப்படி இறக்குவான்? கேள்." அவன் திருதிருவென்று விழித்தான். எனக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. மெஷினின் அடிச்சட்டமான சேசிஸ் ஓரத்தில் ஒரு குமிழ் இருக்கும், அதை இழுத்தால் பேட்டரி செத்திருந்தாலும் மேடை தன் எடையிலேயே மெதுவாக இறங்கிவிடும். 7 வருடமாக அதன் பக்கத்தில் டீ கிளாஸ் வைத்திருக்கிறேன், இது எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை!

ஆகவே, பிராக்டிகலுக்குப் போகும் தம்பிகள் ஓட்டும் திறமையைக் காட்டப் போகாதீர்கள். முதலில் மெஷினை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். டயர், ஹைட்ராலிக் ஆயில் கசிவு, பேட்டரி வயர், கைப்பிடிக் கம்பிகள், கேட் தானாக மூடுகிறதா, எல்லாம். அப்புறம் சாவியைக் கீழ் கன்ட்ரோலுக்குத் திருப்பி, தரையில் நின்றபடியே ஏற்றி இறக்கிப் பாருங்கள், எமர்ஜென்சி பட்டனை அமுக்கினால் உடனே நிற்கிறதா பாருங்கள். அந்தக் குமிழையும் இழுத்துப் பாருங்கள். கீழே நிற்பவனையும் ஒருமுறை இழுக்க விடுங்கள். மேலே பீமுக்கும் ஜாய்ஸ்டிக்குக்கும் நடுவில் நசுங்கி ஜாய்ஸ்டிக் மேலேயே சாய்ந்தவனால் கையை எடுக்க முடியாது, அந்த நேரத்தில் அவனுக்குக் கீழே இருப்பவனை விட்டால் வேறு ஆள் இல்லை.

தியரி அவ்வளவு பயப்படும்படி இல்லை, கேள்விகள் இங்கிலீஷில் வந்ததுதான் எனக்குத் தடுமாற்றம். மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களை முந்தின வாரமே போனில் படம் எடுத்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டு வைத்துக்கொண்டேன். பாதிப் பாடம் அதிலேயே இருக்கிறது. மெஷின் வகைகளுக்கு வைத்திருக்கும் 3ஏ, 3பி என்ற பெயர்கள் குழப்பும். 3 என்றால் மேடை உயர்ந்திருக்கும்போதே மேலே இருந்து ஓட்டலாம். ஏ என்றால் சக்கரங்களின் எல்லைக்குள் நேராக ஏறும், அது நம் சிசர். பி என்றால் வெளியே நீளும், அது பூம். வேலை செய்யும் உயரம் என்று கேட்டால் மேடை உயரத்தோடு 2 மீட்டர் கூட்டுங்கள், 19 அடி சிசருக்கு மேடை 5.8 மீட்டர், வேலை உயரம் 7.8.

எடையில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுவது. நான் ஓட்டும் ஜீனி கம்பெனி 19 அடி சிசர் மொத்தம் 227 கிலோ தாங்கும், ஆனால் வெளியே இழுத்து நீட்டும் பலகையில் 113 கிலோதான். இரண்டு பேரும் அதில் நின்றுகொண்டு கேபிள் சுருளையும் வைத்தால் கணக்கு போச்சு. காற்றும் அப்படித்தான். வெளியில் ஓட்டலாம் என்று பிளேட்டில் இருக்கும் மெஷினுக்குப் பொதுவாக நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர் வரைதான் அனுமதி. உள்ளே மட்டும் ஓட்டும் மெஷினில் அந்த இடத்தில் பூஜ்யம் போட்டிருக்கும். பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான், ஷட்டர் திறந்திருக்கும் லோடிங் வாசலில் அடிக்கிற காற்றும் காற்றுதான்.

பூம் எடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பூமைத் தாங்கிச் சுழலும் டர்ன்டேபிள் பின்பக்கம் திரும்பிவிட்டால் முன்னே தள்ளினால் பின்னே போகும். சேசிஸில் உள்ள வண்ண அம்புக்குறியையும் ஜாய்ஸ்டிக் பக்கத்து அம்புக்குறியையும் பொருத்திப் பார்க்காமல் நகர்த்தினால் மார்க் போய்விடும். இன்னொன்று சேஃப்டி பெல்ட். ஒரு சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே கூடை மேலே கவண் மாதிரி ஆளை வீசிவிடும், அதனால் குட்டைக் கயிறு, அதுவும் கூடைக்குள் இருக்கும் கொக்கியில்தான். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் மாட்டுகிறவனைப் பார்த்திருக்கிறேன், மெஷின் நகர்ந்தால் அவன் அங்கேயே தொங்குவான்.

இரண்டாவது தடவை பாஸ் ஆனேன், கார்டு 5 வருடத்துக்குச் செல்லும். அன்று என்னோடு வந்த சேலத்து அண்ணன் என்னை விட அழகாக ஓட்டினார், வளைவுகளில் ஒரு கோன்கூட சாயவில்லை. முடித்து இறங்கி, கைகுலுக்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார். சாவி மெஷினிலேயே இருந்தது.