மாதிரிகள் எந்த இடத்தில் காத்திருக்கின்றன?

மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் தலையெடுக்கும்போதெல்லாம், வைரஸின் மரபணுவைப் பலமடங்கு பெருக்கிக் கண்டறியும் வேகமான பிசிஆர் இயந்திரம் ஒன்று வந்தால் முடிவுகள் விரைவாகக் கிடைக்காதா என்று திருகோணமலையில் பலர் என்னிடம் கேட்பதுண்டு. மரபணு ஆய்வுகூடப் பணியில் இருப்பவன் என்ற முறையில், அதனால் மட்டும் பெரிய மாற்றம் நேராது என்றே நான் கருதுகிறேன்.

பிசிஆர் இயந்திரம், மரபணுப் பிரதிகளை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும் சுற்றுகளில் 40 ஐ முடிக்கப் பொதுவாக ஒன்றரை மணி நேரமளவு எடுக்கும். 96 குழிகள் கொண்ட தட்டில் இரண்டை, சோதனை சரியாக நடக்கிறதா எனப் பார்க்கும் கட்டுப்பாட்டு மாதிரிகளுக்கு ஒதுக்கினாலும் 94 மாதிரிகளை ஒரே தடவையில் பார்த்துவிடலாம். ஆனால் மூதூர், கிண்ணியா, குச்சவெளி, கந்தளாய் எனப் பல திசைகளிலிருந்து வரும் குழாய்களைப் படிவங்களுடன் ஒப்பிட்டுப் பதிந்து, ஒவ்வொன்றிலிருந்தும் வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து அந்தத் தட்டை நிரப்புவதற்குள் அரை நாள் கழிந்துவிடுகிறது. காந்தத் துணிக்கைகளைக் கொண்டு பிரித்தெடுக்கும் தானியங்கி இயந்திரம் இந்த வேலையை ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். திரவத்தை அளந்து மாற்றும் கருவியான பிப்பெட் எட்டு முனைகளோடு இருந்தால், 96 தடவை செய்யும் வேலை 12 தடவையில் முடியும். கையால் எழுதும் இலக்கங்களுக்குப் பதிலாகப் பட்டைக்குறி (பார்கோட்) ஒட்டினால், பதிவு விரைவதோடு ஒருவருடைய முடிவு மற்றொருவருக்குப் போய்ச்சேரும் ஆபத்தும் குறையும். என்னைக் கேட்டால், இந்த இரண்டாவது பயனே பெரிது.

மாதிரிகளைத் தொகுத்துச் சோதிக்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1943 இல் பொருளியலாளர் ரொபேட் டோர்ஃப்மன், அமெரிக்கப் படைக்கு ஆள் சேர்க்கும்போது சிபிலிஸ் நோயைக் கண்டறிவதற்காக முன்வைத்த யோசனை இது. ஐந்து பேரின் மாதிரிகளை ஒன்றாகக் கலந்து சோதித்து, தொற்று தென்பட்டால் மட்டும் ஐந்தையும் தனித்தனியே மீண்டும் சோதிக்க வேண்டும். நூற்றில் ஒருவருக்கே தொற்று இருக்குமானால், 100 பேருக்குச் சராசரியாக 25 சோதனைகள் போதும். நூற்றில் இருபது பேருக்கு இருந்தால் 87 தேவைப்படும். முப்பது பேருக்கு இருந்தாலோ 103 ஆகி, தனித்தனியே செய்வதைவிட வேலை கூடிவிடும். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதைப் போன்ற காலத்தில், காய்ச்சலோடு வருவோரின் இரத்தத்தைத் தொகுப்பதில் பயனில்லை என்பதை இக்கணக்கே காட்டுகிறது. மாறாக, பிடித்த நுளம்புகளில் வைரஸ் உண்டா எனத் தேடும்போது, தொற்றுள்ளவை மிகச் சிலவே என்பதால் தொகுப்பு முறை மிகப் பொருத்தமானது. ஐந்தைக் கலக்கும்போது ஒவ்வொரு மாதிரியும் ஐந்தில் ஒரு பங்காக நீர்த்து, வைரஸ் தென்படுவது 2.3 சுற்றுகளளவு பிந்தும். ஆகையால் வைரஸ் மிகக் குறைவாக உள்ள மாதிரி தவறிப்போகவும் கூடும்.

வேகத்துக்காக ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாதது அறைகளின் ஒழுங்கு. வினைக்கலவை தயாரிக்கும் அறை, மாதிரியைச் சேர்க்கும் அறை, பெருக்கம் நடக்கும் அறை என ஒரே திசையில்தான் வேலை நகர வேண்டும். பெருக்கிய டிஎன்ஏயின் நுண்துளி ஒன்று முதல் அறைக்குத் திரும்பினாலும், தொற்றில்லாதவருக்குத் தொற்று இருப்பதாக முடிவு வரக்கூடும். பிறகு முழுத் தட்டையும் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே நிதி ஒதுக்குவோரிடம் நான் வேண்டுவது இதுதான்: முதலில் பட்டைக்குறி வசதியையும், அடுத்து பிரித்தெடுக்கும் இயந்திரத்தையும் அதற்கான வினைபொருள்கள் தடையின்றிக் கிடைக்கும் ஏற்பாட்டையும் செய்து தாருங்கள், இன்னொரு பிசிஆர் இயந்திரத்தைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.